நாற்பது மான்களும் ஒரு கைத்துப்பாக்கியும்

11.9.2003 – மான் 42
25.9.2003 – வலை வாடகை 350 திர்ஹம். மான் 40
9.10.2003 – தோட்டா நான்கு பெட்டி, 520 திர்ஹம்
16.10.2003 – காதடைப்பு இரண்டு, 90 திர்ஹம்
4.12.2003 – மான் 39

பாண்டித்துரையின் கணக்கு நோட்டில் கடைசி வரியில் ஒரு மான் குறைந்திருக்கிறதே, அது குறைந்த விதம் சரியில்லை. அதைச் சொல்வதற்கு முன் ஆளைச் சொல்லிவிட வேண்டும்.

பாண்டித்துரை, சிவகங்கை மாவட்டம் காளையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர்க்காரர். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்து நாயக் பதவியோடு வெளியே வந்தவர். 1994-இல் அரபு அமீரகத்தில், புஜைரா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு யார்டில் வாட்ச்மேன் வேலை. அந்த யார்டுக்கு இரும்பு வாங்க வந்துபோன ஒரு பெரியவருக்கு இவருடைய நிமிர்ந்த நடை பிடித்துப்போய், விசா கொடுத்த கஃபீலிடம் பேசித் தன் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டார். மசாஃபிக்குப் போகும் வழியில், மலை அடிவாரத்தில், பேரீச்சையும் எலுமிச்சையுமாக நல்ல தோட்டம். பெரியவரை எல்லோரும் அர்பாப் என்றே கூப்பிட்டார்கள்; முதலாளி என்று அர்த்தம். 1996-இல் அவர் எங்கிருந்தோ ஒன்பது புள்ளிமான்களை மரப்பெட்டிகளில் வரவழைத்தார். யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது பாண்டித்துரைதான் முன்னால் வந்தார்.

ஊரிலிருந்து மனைவி சரசு போனில் சிரித்தாள்.

“மாடு மேய்க்கவா கடல் தாண்டிப் போனீக?”

“மாடு இல்லடி, மானு.”

“பேருதான வேற. அள்ளிப் போடுறது ஒண்ணுதான?”

ஒன்பது, ஏழு வருடத்தில் நாற்பத்திரண்டு ஆயிற்று. 2003 செப்டம்பரில் அரசு அலுவலகத்திலிருந்து கால்நடை மருத்துவர் வந்து வேலியைச் சுற்றி அளந்துகொண்டு போனார். பின்னாலேயே கடிதம் வந்தது. இந்த அடைப்புக்கு இருபத்துநான்கு மான்தான் தாங்கும். 2004 மார்ச் 31-க்குள் குறைத்துவிட வேண்டும். ஏப்ரல் முதல் தேதி வந்து எண்ணுவார்கள். ஒன்று கூடுதலாக இருந்தாலும் மொத்த மந்தையையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

வலை போட்டுப் பிடித்து யாருக்காவது கொடுக்கலாம் என்றுதான் முதலில் முயன்றார்கள். புள்ளிமான் ஆடு அல்ல. வலையைப் பார்த்த மிரட்சியில் இரண்டு மான்கள் வேலிக் கம்பியில் பாய்ந்து கழுத்து முறிந்து செத்தன. வாங்குகிறவர்கள் எல்லாம் இறைச்சிக்குத்தான் கேட்டார்கள்; மயக்க ஊசி போட்டால் அதற்கு ஆகாது. மிச்சம் இருந்தது சுடுவது மட்டும்தான்.

அர்பாப் அதற்குச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அவர் பேசுவது பாதி இந்தி, பாதி அரபி. பாண்டித்துரையின் காதில் அது இப்படித்தான் விழும்.

“பாண்டி, என் தோட்டத்தில் வளர்ந்த மான் மண்ணுக்குப் போகக் கூடாது, ஆள் வயிற்றுக்குப் போகணும். அதற்கு ஹலால் ஆகணும். ஒன்றே ஒன்று வீணானாலும் கலாஸ், அத்தோடு முடிந்தது. மொத்தத்தையும் இறைச்சி வியாபாரிக்குக் கொடுத்துவிடுவேன். அவன் லாரியோடு வருவான்.”

ஹலால் ஆக்கும் வேலை தோட்டத்துச் சமையல்காரர் நூஹு பாயுடையது. காயல்பட்டினத்துக்காரர். கல்யாண வீடுகளில் ஆடு அறுத்துப் பழகிய கை.

“நல்லாக் கேட்டுக்கோங்க அண்ணே. நீங்க சுட்டு அதுவே செத்துப்போனா எங்களுக்கு ஆகாது. உசிரு இருக்கும்போதே நான் பிஸ்மி சொல்லிக் கத்தி போடணும்.”

“அப்ப நான் சுடணும், ஆனா அது சாகக் கூடாது. நல்லாருக்கு பாய் கத!”

“சாகக் கூடாதுன்னு சொல்லல. நான் வந்து சேருற வரைக்கும் சாகக் கூடாது.”

இந்த ஒரு பேச்சிலேயே எந்தத் துப்பாக்கி என்பது முடிவாகிவிட்டது. பட்டாளத்தில் பாண்டித்துரை ரைஃபிள் பிடித்தவர். ரைஃபிள் என்றால் தூரத்திலிருந்து சுடலாம். ஆனால் தூரத்தில் விழுகிற மானிடம் நூஹு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும். அதோடு வேலிக்கு மூன்று பக்கமும் அடுத்தவர் நிலம். கிழக்கே ஒட்டகக் கொட்டகை. பக்கத்தில் பதுங்கி உட்கார்ந்து கைத்துப்பாக்கியால், விழுந்த இடத்தைவிட்டு நகராதபடி சுட வேண்டும். முன்னங்காலுக்கு நேர் மேலே, தோளின் உயரத்தில், முதுகெலும்பு ஓடும் இடத்தில் பட்டால் மான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். நெஞ்சு துடித்துக்கொண்டிருக்கும். அந்த இடம் ஓர் உள்ளங்கை அகலம்தான்.

அர்பாபின் இரும்பு அலமாரியில் இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. லைசென்ஸ் அவர் பேரில். அவர் கூட இருக்கும்போது மட்டும்தான் வெளியே வரும். அவருக்கே சுட ஆசைதான். ஆனால் இரண்டு கண்ணிலும் புரை.

முதலாவது நாற்பத்துநாலு ரகம். முழங்கை நீளக் குழல், மேலே தூரக்கண்ணாடி. பார்த்தாலே ஒரு மரியாதை வரும். பாண்டித்துரை அதைத்தான் எடுத்தார். மலைச்சரிவுக்கு முன்னால் ஒரு காகிதத் தட்டைக் குத்திவைத்து ஐந்து தோட்டா சுட்டார். தட்டில் ஒன்று பட்டது. மற்றது எல்லாம் தட்டுக்குக் கீழே மண்ணில்.

“குறி தப்பாக வைத்திருக்கிறது இந்தக் கண்ணாடி” என்றார்.

அர்பாப் கையை நீட்டினார். துப்பாக்கியை வாங்கித் திரும்பி நின்று தோட்டா போட்டுக் கொடுத்தார். பாண்டித்துரை விசையை இழுத்தார். வெடிக்கவில்லை, வெறும் சத்தம்தான். ஆனால் குழல் முனை மாத்திரம் தானாகக் கீழே குத்தியது. அர்பாப் இடையிடையே வெற்றுத் தோட்டாக்களைப் போட்டிருந்தார்.

“கண்ணாடியில் தப்பில்லை. உதைக்கப் போகிறதென்று உன் கை முன்னாலேயே பயந்து அமுக்குகிறது.”

பட்டாளத்துக்காரனிடம் பயம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? பாண்டித்துரைக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் குழல் குத்தியதை அவர் கண்ணே பார்த்துவிட்டதே. பெரிய துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு இரண்டாவதைக் கேட்டார். முந்நூற்று ஐம்பத்தேழு ரகம். ஆறு அங்குலக் குழல், கண்ணாடி கிடையாது, அலங்காரம் கிடையாது. உதைப்பு பாதிதான். மூக்கு மழுங்கிய கனமான குண்டு போட்டால், கிட்டத்தில் நிற்கும் மானுக்கு அது தாராளம்.

நோன்பு மாதம் முழுவதும் பயிற்சி நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கவிழ்த்த பழப்பெட்டி மேல் மணல் மூட்டை வைத்து, அதில் மணிக்கட்டைத் தாங்கவைப்பார். சுத்தியைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்து நிறுத்துவார். விசையை எப்போது இழுத்தோம் என்று தமக்கே தெரியாத அளவுக்கு மெல்ல அழுத்துவார். அர்பாப் சொல்லாமல் கொள்ளாமல் வெற்றுத் தோட்டா போட்டுக்கொண்டே இருந்தார். நோன்புப் பெருநாள் வருவதற்குள் குழல் குத்துவது நின்றது. இருபத்தைந்து தப்படியில் ஐந்துக்கு ஐந்தும் தட்டில் பட்டது. முப்பதில் நான்குதான். “அப்ப இருவத்தஞ்சுக்கு அங்கிட்டு நிக்கிற மான் எனக்கு மானே இல்ல” என்று பாண்டித்துரை முடிவு கட்டினார்.

பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓட்டும் கார்மேகம், பரமக்குடிக்காரன், வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பான்.

“ஏண்ணே, நம்ம ஊர்ல மானைத் தொட்டா ஜெயிலு. இங்க லெட்டர் போட்டுச் சுடச் சொல்றாங்ய. எங்கிட்டுப் பொறந்தோம்கிறதுதான் மானுக்கும் தலையெழுத்து போல.”

“வாய மூடிட்டு அந்தத் தட்ட மாத்திக் குத்துடா.”

டிசம்பர் 4, வியாழக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த பிறகு முதல் வேட்டை. தீவனம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் புல்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அர்பாப் வேலிக்கு வெளியே ஜீப்பில் இருந்தார். ஓர் இளம் ஆண்மான், கலை, பதினெட்டுத் தப்படியில் பக்கவாட்டில் நின்றது. பாண்டித்துரை அழுத்தினார். பட வேண்டிய இடத்தில் பட்டது. மான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. துப்பாக்கியைத் தாழ்த்தி, “போ பாய்!” என்றார். நூஹு பறந்தார்.

வலது கையில் கத்தி. இடது கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

மானின் தலைமாட்டில் மண்டியிட்ட நூஹு, கத்தியை மடியில் வைத்துவிட்டு, பாட்டிலைத் திறந்து அதன் வாயில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. தலையைத் தூக்கிப் பிடித்து மறுபடி ஊற்றினார். அதற்குள் மானின் கண் நிலைத்துவிட்டது. அவசரமாகக் கத்தி போட்டார். ஆனால் அவருக்கே தெரிந்துவிட்டது.

“என்ன பாய், ஆச்சா?”

“ஆகல அண்ணே. தண்ணி குடுத்தேன். அதுக்குள்ள மவுத்தாப் போச்சு.”

“தண்ணியா? அது என்ன விருந்துக்கா வந்துருக்கு, தண்ணி குடுத்து உக்கார வைக்க?”

“தாகத்தோட அறுக்கக் கூடாதுண்ணே. எங்க வாப்பா ஒரு கோழியக் கூட அப்படி அறுத்ததில்ல. கை தானாப் போயிடுச்சு.”

கார்மேகம் வேலியைத் தாண்டி வந்து மானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அர்பாபுக்கு இவ்வளவு தூரம் கண் தெரியாது என்று அவனுக்குத் தெரியும்.

“கத்தி போட்டாச்சு, ரத்தமும் வந்துருச்சு. நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கலைன்னா யாருக்குத் தெரியப் போவுது? இல்லைன்னா என்கிட்ட குடுங்க. உங்களுக்கு ஆகாட்டி எனக்கு ஆகும்ல!”

“யாருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமே” என்றார் நூஹு.

பாண்டித்துரை துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஜீப்பை நோக்கி நடந்தார்.

“அர்பாப், மான் வீணாப்போச்சு.”

அர்பாப் மொபைலை எடுத்தார். வியாபாரியின் எண்ணைத் தேடக் கண்ணுக்கு நெருக்கிப் பிடித்துக்கொண்டார். பாண்டித்துரை ஜீப் கதவைப் பிடித்தபடி நகராமல் நின்றார்.

“ஏன் நிற்கிறாய்? சொன்னேன் இல்லையா? கலாஸ்.”

“சொன்னீங்க. ஏன் வீணாச்சுன்னு கேட்டுட்டு அப்புறம் போன் பண்ணுங்க.”

தண்ணீர் பாட்டில் விஷயத்தைக் கேட்டதும் அர்பாப் போனைத் தாழ்த்தினார். நூஹுவைக் கூப்பிட்டார்.

“அடுத்த முறை தண்ணீர் கொடுக்காமல் அறுப்பாயா?”

நூஹு தலையைக் குனிந்தபடியே நின்றார். “மாட்டேன் அர்பாப். வேற ஆளப் பாருங்க.”

வேறு ஆளுக்கு எங்கே போவது? இவர் தண்ணீர் கொடுக்காமல் அறுக்க மாட்டார். கொடுத்தால் மான் தங்காது. அர்பாப் மறுபடியும் போனைத் தூக்கினார். பாண்டித்துரை கதவை விடவில்லை. வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தவர், “பாய், அது தானே தண்ணி குடிச்சிட்டு நின்னா உமக்குப் போதுமா?” என்று கேட்டார்.

“வயிறு நிறையக் குடிச்சிருந்தா போதும்ண்ணே.”

“அப்ப தீவனத்துக்குக் கிட்ட ஒக்காந்ததுதான் தப்பு. தண்ணித் தொட்டிக்குப் போகணும். அர்பாப், இன்னும் ஒரே ஒரு மான். அதுவும் தப்பிப்போனா நானே லாரிக்கு வழி காட்டுறேன்.”

அர்பாப் போனைப் பையில் போட்டார். “ஒன்று” என்றார்.

செத்த மானைப் புதைத்தார்கள். கார்மேகம் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு, தன் சொந்தக்காரனைப் புதைப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டான்.

வடக்கு மூலையில் ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. அதற்குப் பின்னால் செங்குத்தான மலைச்சரிவு. குண்டு தாண்டிப் போக வழியில்லை. இருபது தப்படி தள்ளித் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி, உள்ளே நாற்காலியும் பழப்பெட்டியும் மணல் மூட்டையும் வைத்தார் பாண்டித்துரை. நூஹுவுக்குத் தொட்டிக்கு இடப்பக்கம், சுடும் கோட்டை விட்டு நன்றாக விலகி, ஒரு புல்கட்டு மறைவு. ரப்பர் செருப்பை விட்டுவிட்டு கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டார். பாண்டித்துரை துப்பாக்கியைத் தாழ்த்தி “போ” என்று சொன்னால்தான் எழுந்திருக்க வேண்டும். மான்கள் தட்டிக்குப் பழகட்டும் என்று இரண்டு வாரம் சும்மா விட்டார். மற்றத் தொட்டிகளை வேட்டை நாளன்று காலையிலேயே காலி செய்துவிட்டார்.

டிசம்பர் 18, வியாழன். மான்கள் கூட்டமாக வந்தன. ஒரு கலைமான் குடித்து முடித்துத் தலையைத் தூக்கியது. வாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாண்டித்துரை உடனே சுடவில்லை. பின்னால் நின்ற பெட்டை விலகும்வரை காத்திருந்தார். விலகியது. குழல்முனைக் குறிமுள் தோள்மேட்டில் நின்றது. அழுத்தினார்.

“போ!”

மான் விழுந்த சத்தமும் நூஹுவின் பிஸ்மி சத்தமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்தன. அர்பாப் ஜீப்பிலிருந்து இறங்கி நடந்து வந்து, குனிந்து, பீச்சி வந்த ரத்தத்தையும் உதைத்துக்கொண்டிருந்த காலையும் தொட்டுப் பார்த்தார்.

“ஹலால்” என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அடுத்திருந்த தொழிலாளர் கேம்ப் முழுவதற்கும் நூஹு பிரியாணி போட்டார். கார்மேகம் மூன்று தட்டு.

கணக்கு இப்போது முப்பத்தெட்டு. மார்ச் கடைசி வியாழன்வரை வாரம் ஒன்று எடுத்தால் சரியாக இருபத்துநான்கில் நிற்கும். ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது. பாண்டித்துரை தவறவிடவில்லை. எந்த மான் என்பதைப் புதன்கிழமையே முடிவு செய்வார். வியாழன் அந்த மான் சரியாக நிற்காவிட்டால் இரண்டாவதாக நினைத்துவைத்த மான். அதற்கு மேல் யோசிக்க மாட்டார்.

சரசு போனில் கேட்டாள்: “வளத்த கையாலயே சுடுறீகளாமே. மனசு வருதா?”

“வரல. ஆனா சுடலைன்னா நாப்பதும் போயிரும். சுட்டா இருவத்துநாலு இருக்கும். எனக்கு இதுக்கு மேல கணக்குத் தெரியாது.”

பிப்ரவரி 23 காலையில் கார்மேகம் ஓடி வந்தான்.

“அண்ணே, ஒண்ணு கூடிருச்சு! வேலியோரம் பெட்டை குட்டி போட்டுருக்கு. குட்டியவும் எண்ணுவாங்யளா?”

“நாலு காலு இருந்தா எண்ணுவாங்ய.”

மார்ச் 25, கடைசி வியாழன் முடிந்தபோது இருபத்தைந்து இருந்தன. ஒன்று அதிகம். மிச்சமிருந்ததில் பெட்டைகள் எல்லாம் சினை, இல்லாவிட்டால் பால்குட்டிக்காரி. குட்டிகளையும், மந்தைக்கு இனி வேண்டிய இளங்கலைகளையும் விட்டால் எடுக்கக்கூடியது ஒன்றுதான். மரப்பெட்டியில் வந்த ஒன்பதில் ஒன்று, கொம்பு முற்றிப்போன கிழட்டுக் கலை. அது எப்போதும் எல்லாம் குடித்துப் போன பிறகு, கடைசியில்தான் தொட்டிக்கு வரும்.

திங்கட்கிழமை காத்திருந்தார். கிழடு வந்தது, மார்பை நேராகக் காட்டிக்கொண்டு குடித்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டது. பாண்டித்துரை சுத்தியைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கினார். செவ்வாய்க்கிழமை அது வரும்போது இருட்டிவிட்டது. குறிமுள் தெரியவில்லை.

“டார்ச் அடிக்கிறேன்ணே, சுடுங்க” என்றான் கார்மேகம்.

“டார்ச் அடிச்சா மான் நிக்கும். என் கை நிக்காது.”

அர்பாபே பொறுமை இழந்துவிட்டார். “பாண்டி, ஏதாவது ஒரு பெட்டையை எடுத்து முடி. நாளைக்குக் கடைசி நாள்.”

“சினை மானை எடுக்க மாட்டேன் அர்பாப். இன்னும் ஒரு சாயங்காலம் இருக்கு.”

அடைப்பின் நடுவே ஒரு குறுக்குவேலியும் கேட்டும் உண்டு. வழக்கமாகத் திறந்தே கிடக்கும். புதன்கிழமை மத்தியானம் பாண்டித்துரை தெற்குப் பக்கத்தில் பச்சைப் புல்லைக் கொட்டி, அங்குள்ள தொட்டியை நிரப்பினார். மந்தை புல்லுக்கு ஓடியது. மற்றவை போகட்டும் என்று வழக்கம்போலப் பின்தங்கி நின்றது கிழடு. அதன் முகத்துக்கு நேரே கேட்டைச் சாத்திவிட்டார். இனி வடக்கே அது மட்டும்தான். வழி விட வேண்டிய மந்தை அங்கே இல்லை.

வெயில் இருக்கும்போதே வந்தது. சாவதானமாகக் குடித்தது. வயிறு புடைக்கக் குடித்து, தலையைத் தூக்கி, மலையைப் பார்த்து முழுப் பக்கத்தையும் காட்டி நின்றது. பாண்டித்துரையின் உதடு எதையோ சொன்னது. நூஹுவுக்கு அது கேட்கவில்லை. கட்டைவிரல் சுத்தியை இழுத்தது. சுட்டபோது குழல் குத்தவில்லை.

“போ பாய்!”

நூஹு போனார். கத்தி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பாண்டித்துரை ரிவால்வரைக் காலி செய்து, குழலைத் துடைத்து, அர்பாப் கையில் கொடுத்தார். பிறகு போய்க் குறுக்கு கேட்டைத் திறந்துவிட்டார்.

ஏப்ரல் முதல் தேதி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முதல் தடவை எண்ணியபோது இருபத்துமூன்று, இரண்டாவது தடவை இருபத்தைந்து. மான் ஒரு இடத்தில் நின்றால்தானே! பாண்டித்துரை கேட்டருகே புல்லைப் போட்டு ஒவ்வொன்றாகத் தாண்டவிட்டார். மூன்றாவது தடவை இருபத்துநான்கு. எழுதிக்கொண்டார்கள். முடிவு எழுத்தில் வரும் என்றார்கள். பதினெட்டு நாள் கழித்து வந்தது. மந்தை அங்கேயே இருக்கலாம், பராமரிப்பவரை மாற்ற வேண்டாம் என்று ஒரே பத்தி. அர்பாப் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 19.4.2004, திங்கட்கிழமை.